ஒண்டிக்கட்டை வீட்டு இன்டர்நெட்

அத்தியாயம் 9

"மறுபடியும் கார்டர் தெருவா?" என்று கார் ரேடியோவில் குறைகேட்கும் நிகழ்ச்சிக்காரர் அலுத்துக்கொண்டார்.

"ஆமா, மறுபடியும்தான்! நீங்க தீர்த்து வெச்சிருந்தா நான் ஏன் கூப்பிடறேன்?" என்று சீறியது ஒரு கிழட்டுக் குரல். "நான் ஒண்டிக்கட்டை. நாலு மணிக்கு பேண்டு வாத்தியப் பயிற்சிக்குக் கிளம்பினா எட்டு மணிக்குத்தான் வீடு. வந்து, ஆஸ்திரேலியாவுல இருக்கற என் பொண்ணோட வீடியோவுல பேசலாம்னு உக்காந்தா அவ மூஞ்சி அப்படியே உறைஞ்சு நிக்குது. கம்பெனிக்காரனைக் கேட்டா, 'சார், கூட்ட நேரத்துல நீங்க அளவுக்கு மேல இழுக்கறீங்க, அதான் வேகத்தை முக்கால்வாசி வெட்டிட்டோம்'ங்கறான். நான் வீட்லயே இல்லைய்யா! எவன் இழுக்கறான்?"

கார் கிறீச்சிட்டு நின்றது. டேரனின் மடியிலிருந்த சிப்ஸ் பொட்டலம் பறந்து கண்ணாடியில் மோதி, வினிகர் வாசனையோடு அவன் காலடியில் விழுந்தது.

"தலைவி! பிரேக் போடறதுக்கு முன்னாடி சிப்ஸ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

தலைவி காதில் வாங்கவில்லை. தெல்மா ஹோல்ராய்ட் ஹாலிஃபாக்ஸ் நகரத்தில் இருபது வருஷம் தப்பாக நிறுத்திய கார்களுக்கு அபராதச் சீட்டு ஒட்டியவள். ஊரிலிருந்த அத்தனை பேரின் வசவையும் வாங்கித் தீர்த்த பிறகு துப்பறியும் தொழிலுக்கு வந்துவிட்டாள். டேரன் அவளுடைய ஒரே உதவியாளன். சம்பளம் குறைச்சல், வாய் அதிகம்.

"அந்தக் கிழவர் யாருன்னு தெரியுதா?" என்றாள் தெல்மா.

"தெரியாம என்ன? நேத்து நம்ம மூஞ்சியில கதவைச் சாத்தின புண்ணியவான். வில்ஃப் கிரீன்வுட். 'அடுத்தவங்க வீட்டு விவகாரம் எனக்கெதுக்கு'ன்னாரே."

"மரியன் வீட்டுக்குப் பக்கத்து வீடு. ஆள் இல்லாத வீட்டுல யாரோ சாயங்காலம் பூரா இன்டர்நெட்டைக் குடிக்கறாங்க. யாரு?"

டேரன் சிப்ஸ் பொறுக்குவதை நிறுத்தினான்.

மரியன் மிட்ஜ்லி காணாமல் போய் இரண்டு மாதமாகிறது. 'வேறொருத்தனோட போர்ச்சுகலுக்கு ஓடிட்டா' என்றான் அவள் கணவன் ரஸ்ஸல். அதற்கேற்ப அவளுடைய போனிலிருந்து வாரத்துக்கு ஒரு குறுஞ்செய்தியும் வந்துகொண்டிருந்தது. வயது வந்த பெண், அவள் இஷ்டம் என்று போலீஸ் கைகழுவிவிட்டது. அக்கா லோர்னா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "டீத்தூள் மாத்தினாக்கூட எனக்குப் போன் பண்ணிச் சொல்றவ அவ. நாடு மாறினா சொல்லமாட்டாளா?" என்று இன்று காலையிலும் ஆபீசில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. நாளைக் காலையில் ரஸ்ஸல் வீட்டைக் காலி செய்துகொண்டு, மேட்டுப் புல்வெளியில் கூப்பிடு தூரத்தில் ஆளே இல்லாத ஒரு பண்ணை வீட்டுக்குப் போகிறான். அதற்குப் பிறகு மரியனை எங்கே போய்த் தேடுவது?

"இருங்க தலைவி," என்றான் டேரன். "ஒருத்தியைக் கடத்தி வீட்டுல பூட்டி வெச்சிருக்கறவன் ரேடியோவுக்குப் போன் போட்டு, 'என் இன்டர்நெட்டை யாரோ இழுக்கறாங்க'ன்னு புலம்புவானா?"

"நம்ம ஊர்ல புலம்புவான். உசிரை விடுவானே தவிர, குறை சொல்ற உரிமையை விடமாட்டான்."

மழை விட்டபாடில்லை. ஆற்றங்கரைச் சாலையில் தண்ணீர் ஏறிவிட்டது என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருக்க, கார் கார்டர் தெருவுக்குள் நுழைந்தது. இரண்டு பக்கமும் கரி படிந்த கல் வீடுகள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல் சுவரோடு சுவராக நின்றன. அந்தத் தெருவுக்குள் போனாலே டேரனுக்கு மூச்சு முட்டும். ஒரு முனையில் பழைய ஆலையின் மதில். போன வழியேதான் திரும்ப வேண்டும். ரஸ்ஸலின் வேன் வாசலில் இல்லை. அவன் வீட்டுக்கு அந்தப் பக்கத்து வீடு காலி. இந்தப் பக்கம் வில்ஃப்.

மணியடித்ததும் கதவு படாரென்று திறந்தது.

"வந்துட்டீங்களா! காலையில எட்டுலேர்ந்து சாயங்காலம் ஆறுக்குள்ள ஆள் வரும்னான். உங்களுக்காகப் பயிற்சிக்குக்கூடப் போகாம உக்காந்திருக்கேன்," என்றார் வில்ஃப். வழுக்கைத் தலை, கம்பளிச் செருப்பு, கையில் டீக்கோப்பை. அப்புறம்தான் முகங்களை உற்றுப்பார்த்தார். "அட, நீங்களா? நேத்தே சொன்னேனே, அடுத்தவங்க வீட்டு விவகாரம்..."

"உங்க இன்டர்நெட் விவகாரமா வந்திருக்கோம்," என்றாள் தெல்மா.

"வாம்மா கண்ணு, உள்ளே வா!" என்றார் வில்ஃப். முகம் மலர்ந்துவிட்டது.

கூடத்தில் பித்தளை ஊதுகுழல் ஒன்று பூனை மாதிரி நாற்காலியை அடைத்துக்கொண்டு கிடந்தது. மூலையில் மோடம்.

"வீட்ல வேற யாரு?"

"நானும் கீல்வாதமும்."

"போன், டிவி, கம்ப்யூட்டர் எல்லாத்தையும் அணைங்க."

அணைத்தார். மூன்று பேரும் மோடத்தின் முன்னால் குனிந்தார்கள். பச்சை விளக்கு நிற்கவில்லை. படபடவென்று துடித்துக்கொண்டே இருந்தது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா! நான் சொன்னா ஒருத்தனும் நம்பலை!" என்று குதித்தார் வில்ஃப்.

டேரன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். கிழவரின் குதியாட்டம் நடிப்போ? "நிலவறை இருக்கா சார்?"

"இருக்கே. போய்ப் பாரேன். சாவி கதவிலயே இருக்கு."

டேரன் இறங்கினான். ஈரம், இருட்டு, நிலக்கரி மணம். முக்காலடி அகலப் படி. மேலே காற்றுக்குக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. ஏறி வந்து தள்ளினான், திறக்கவில்லை. நெற்றி வியர்க்க, தோளால் முட்டினான். பொளக்கென்று கதவு திறந்து கூடத்தில் வந்து விழுந்தான்.

"மழைக்கு அது உப்பிக்கும்," என்றார் வில்ஃப் சாவகாசமாக.

"சொல்லியிருக்கலாம் சார். நான் உள்ளேயே உயில் எழுத ஆரம்பிச்சுட்டேன்." அப்புறம் தெல்மாவின் காதில், "ஒண்ணுமில்லை தலைவி. கரியும் எலிப்பொறியும்தான்" என்றான்.

மாடி அறைகளையும் பார்த்தார்கள். ஒரு கட்டில், ஓர் அலமாரி, பேத்தியின் படங்கள். பின்பக்கப் படுக்கையறையில் பயன்படுத்தாத பழைய கணப்பு. தெல்மா அதன் எதிரில் நின்றுவிட்டாள்.

"என்ன சத்தம் அது?"

புகைபோக்கி வழியாக எங்கோ மேலேயிருந்து வயலின் இசை மெலிதாக இறங்கிக்கொண்டிருந்தது. இடையிடையே யாரோ பேசும் குரல்.

"பக்கத்து வீட்டு டிவி," என்றார் வில்ஃப். "ரெண்டு வீட்டுக்கும் ஒரே புகைபோக்கி. பாவம், பெண்டாட்டி ஓடிப்போனவன், டிவியாவது பாத்துட்டுப் போறான்."

தெல்மா கணப்பை விட்டு நகர்ந்தாள். படியிறங்கிப் போனாள். "டேரன், அந்தக் கணப்புக்குள்ள தலையை விட்டுக்கிட்டு இரு. என்ன கேக்குதுன்னு சொல்லு," என்று கீழேயிருந்து குரல் கொடுத்தாள்.

"நல்ல படிப்பு படிச்சிருந்தா இந்நேரம் பேங்க்ல இருப்பேன்," என்று முணுமுணுத்தபடி அவன் தலையை விட்டான். கரித்தூள் காதுக்குள் உதிர்ந்தது.

"இப்ப மோடத்தைப் பிடுங்கிட்டேன்!"

இசை கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு, ஒரு வார்த்தையின் நடுவில், நறுக்கென்று நின்றது.

"நின்னுடுச்சு தலைவி!"

"மறுபடி சொருகறேன்!"

காத்திருந்தார்கள். மழை மட்டும் கேட்டது. பிறகு விட்ட இடத்திலிருந்து வயலின் தொடர்ந்தது. தெல்மா இன்னொரு முறை பிடுங்கினாள். நின்றது. சொருகினாள். பச்சை விளக்கு வந்துவிட்டது என்று கீழேயிருந்து சொன்னாள். ஆனால் இந்த முறை இசை வரவில்லை.

அதற்குப் பதில், புகைபோக்கிக்குள் மூன்று தட்டல் கேட்டது.

டேரன் தலையை எடுக்கப் போய், கணப்பின் கல்லில் நங்கென்று இடித்துக்கொண்டான். வலிக்கக்கூட இல்லை.

"தலைவி," என்றான். "பக்கத்து வீட்டு ஆள் வேனை எடுத்துக்கிட்டுப் போயிட்டானே. அப்ப அங்க டிவி பாக்கறது யாரு?"

தெல்மா இரண்டிரண்டு படியாக ஏறி வந்தாள். "கிரீன்வுட், உங்க இன்டர்நெட் கடவுச்சொல்லை யாருக்காவது கொடுத்தீங்களா?"

வில்ஃப் விழித்தார். "யாருக்கும் இல்லையே. போன குளிர்காலத்துல அவங்க லைன் அறுந்துபோச்சுன்னு மரியன் வந்து கேட்டா. அவங்க டிவியில நானே போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரம்தான்."

"டிவி மறக்காது. ரஸ்ஸல் வீட்டு லைனை வெட்டிட்டான், போனைப் பிடுங்கி அவனே அதுலேர்ந்து செய்தி அனுப்பறான். டிவியை மட்டும் விட்டு வெச்சிருக்கான், சத்தத்துக்கு ஒரு சாக்கு வேணுமே! அது உங்க லைன்ல ஒட்டிக்கிட்டு இருக்கறது அவனுக்குத் தெரியாது. மரியன் போர்ச்சுகல் போகலை. இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம், கூரையடி அறையில இருக்கா."

வில்ஃபின் டீக்கோப்பை தரையில் விழுந்தது.

தெல்மா போலீசுக்குப் போன் போட்டாள். வருகிறோம் என்றார்கள்; ஆற்றங்கரைச் சாலை மூழ்கிவிட்டதால் மலையைச் சுற்றித்தான் வர வேண்டும், நேரமாகும் என்றார்கள். அவள் போனை வைத்த அதே நேரத்தில் வாசல் பக்கச் சன்னலுக்கு வெளியே, தெருமுனையில் ஒரு பெரிய வேனின் விளக்குகள் திரும்பின.

"நாளைக் காலையிலன்னு ஊருக்குச் சொன்னான். ராத்திரியே கொண்டுபோகத் திட்டம் போட்டிருக்கான்," என்றாள் தெல்மா. "ரஸ்ஸலுக்கு என்ன தொழில்?"

"மாடி உச்சியில அறை கட்டிக் கொடுக்கறது," என்றார் வில்ஃப். "என் வீட்டுக் கூரையும் அவன் வீட்டுக் கூரையும் அந்தக் காலத்துல ஒண்ணா இருந்தது. நடுவுல சுவரே கிடையாது. அவன்தான் தடுத்தான். சட்டப்படி செங்கல் வெச்சுக் கட்டணும். காசை மிச்சம் பிடிக்கறதுக்காக வெறும் அட்டைப் பலகையை வெச்சு அடிச்சு, சுவர்னு தோணற மாதிரி பெயின்ட் பூசிட்டான், ராஸ்கல். அதைப் பத்தியும் நகராட்சிக்கு நான் நாலு தடவை புகார்..."

"உங்களை மாதிரி ஆள் தெருவுக்கு ஒருத்தர் இருக்கணும் சார்," என்றான் டேரன். "சுத்தியல் எங்க?"

மாடி விதானத்தில் கதவு போட்ட ஒரு சதுரத் திறப்பு இருந்தது; அதன் வழியே கூரையடிக்கு ஏணியில் ஏறி, தவழ்ந்து போனான். நிமிர்ந்தால் ஓட்டில் தலை இடிக்கும், கால் பிசகினால் வில்ஃபின் படுக்கையில் போய் விழ வேண்டும். வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு குறுக்குக் கட்டைகள் மேலேயே ஊர்ந்தான். கடைசியில் தடுப்பு வந்தது. வெறும் பலகைதான். காதை வைத்தான். அந்தப் பக்கம் யாரோ மூச்சு விடுவது கேட்டது.

"மரியன்?"

"ரஸ்ஸல் அனுப்பின ஆளா?" என்றது ஒரு பெண் குரல். சோதித்துப் பார்க்கும் குரல்.

"லோர்னா அனுப்பின ஆள். டீத்தூள் மாத்தினாலும் சொல்லுவீங்களாமே. இதைச் சொல்லலையேன்னு அக்கா கோவமா இருக்காங்க."

அந்தப் பக்கம் ஒரு விசும்பல் வெடித்தது. "உடைங்க! சீக்கிரம் உடைங்க!"

சரியாக அப்போதுதான் கீழே தெருவில் ஹார்ன் அலறியது. ஓடுகளின் இடுக்கு வழியே ஒவ்வொரு வார்த்தையும் டேரனுக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏய்! காரை எடு! அது என் வாசல்!" ரஸ்ஸலின் குரல்.

"உன் வாசல்னு எழுதியிருக்கா?" இது தெல்மா. ரஸ்ஸலின் வாசலில் குறுக்காகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாள்! "இது பொதுத் தெரு. இருபது வருஷம் இதே வேலை பாத்தவ நான், எனக்கேவா சொல்லித் தர்றே?"

டேரனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கார்டர் தெருவில் கொலையே நடந்தாலும் திரைச்சீலை ஆடாது. ஆனால் வாசலில் வேறு கார் நின்றால் விஷயமே வேறு. ஒவ்வொரு கதவாகத் திறப்பது கேட்டது. "அந்த இடம் யாருது?", "போன வாரம் என் வாசல்லயும் இப்படித்தான்!" என்று தெருவே கூடிவிட்டது. அந்த இரைச்சலுக்குள் டேரன் சுத்தியலை ஓங்கி ஓங்கிப் போட்டான். பலகை விரிந்தது. குளிருக்காக உள்ளே திணித்திருந்த கம்பளிப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தான். இரண்டாவது பலகை முழுசாகப் பெயர்ந்து அந்தப் பக்கத் தரையில் டமாரென்று விழுந்தது.

கீழே ரஸ்ஸலின் குரல் பாதியில் நின்றுவிட்டது.

ஓடும் காலடிச் சத்தம். கதவு அறையும் சத்தம். மாடிப்படியில் தடதடப்பு.

"வர்றான்!" என்றாள் மரியன். ஓட்டை வழியே டார்ச் வெளிச்சத்தில் அவளை முதல்முறையாகப் பார்த்தான் டேரன். சுண்ணாம்பு நிறத்தில் முகம். கை கால் அசையவில்லை, கண் மட்டும் கதவையே பார்த்தது. வெளிப்பக்கம் முதல் தாழ்ப்பாள் விலகியது.

"அம்மா தாயே, கதவை அப்புறம் பாக்கலாம், என்னைப் பாருங்க!" டேரன் பாதி உடம்பை உள்ளே விட்டு அவள் இரண்டு கையையும் பிடித்து இழுத்தான். ஆணி அவள் தோளைக் கீறியது; அவள் கத்தவில்லை. இரண்டாவது தாழ்ப்பாள் விலகியபோது அவள் கால் ஓட்டைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. இருவரும் கட்டைகள் மேல் உருண்டு, புரண்டு, ஏணியில் சறுக்கி வில்ஃபின் மேலேயே விழுந்தார்கள். டேரன் எழுந்து ஏணியில் தாவி, தலைக்கு மேலிருந்த அந்தத் திறப்பின் கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டான்.

மேலே ரஸ்ஸல் கட்டைகள் மேல் தவழ்ந்து வரும் சத்தம். கொக்கி குலுங்கியது. டேரன் ஏணியையே அதற்கு முட்டுக் கொடுத்து, தோளைச் சாய்த்து நின்றான். கொஞ்ச நேரம் குலுங்கி ஓய்ந்தது. பிறகு ரஸ்ஸல் வந்த வழியே திரும்பும் சத்தம். அப்படியென்றால் தன் வீட்டுப் படியிறங்கி, தெரு வழியாக இங்கே வரப் போகிறான். டேரன் வாசல் கதவை நோக்கிப் பாய்ந்தான்.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவள் தெல்மா. மூச்சு வாங்கியது, ஆனால் தலைமயிர் ஒன்றுகூடக் கலையவில்லை.

"எங்கடா ஓடறே?"

"அவன் இறங்கி வர்றான் தலைவி!"

"எப்படி வருவான்? வாசல் கதவைத் திறந்து போட்டுட்டு ஓடினான். நானும் பின்னாலயே போனேன். அந்த அறைக் கதவுக்கு வெளிப்பக்கம் ரெண்டு தாழ்ப்பாள், நல்ல உருக்கு. ரெண்டையும் போட்டுட்டு வந்துட்டேன். ஆள் கைநேர்த்தியான தொழிலாளிதான்."

போலீஸ் வரும்வரை நான்கு பேரும் வில்ஃபின் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள். லோர்னாவுக்குப் போன் போட்டதில், எதிர்முனையில் அழுகையைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை, கிளம்பிவிட்டாள். மரியனின் தோளில் வில்ஃபின் கோட்டு. இரண்டு கையாலும் கோப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். "அவனை விட்டுப் போறேன்னு சொன்னேன். அவ்வளவுதான். அந்த எண்ணம் மாறறவரைக்கும் மேலே இருன்னுட்டான்," என்றாள்.

மேலே ரஸ்ஸல் கதவை இடித்தான். சுவரை இடித்தான். ஒவ்வோர் இடியும் புகைபோக்கி வழியாகச் சமையலறை வரைக்கும் வந்தது. டீக்கெண்டியோடு நின்றுகொண்டிருந்த வில்ஃபின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"நானும் இப்படித்தான் தட்டினேன், மிஸ்டர் கிரீன்வுட்," என்றாள் மரியன்.

வில்ஃப் கெண்டியோடு அவள் பக்கம் திரும்பினார்.

"ஆரம்பத்துல தினமும் தட்டினேன். உங்க பேரைச் சொல்லிக் கத்தினேன். ஒவ்வொரு தடவையும் நீங்க டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சீங்க."

"புருஷன் பெண்டாட்டி சண்டைன்னு நினைச்சுட்டேன் கண்ணு. நாம காது கொடுத்துக் கேக்கறது மரியாதையில்லைன்னு... அப்புறம் நீ ஓடிப்போயிட்டேன்னு அவன் சொன்னான். அதுக்கப்புறமும் சத்தம் கேட்டுச்சு. ஏதோ அறை வேலை பாக்கறான்னு..." அவர் முடிக்கவில்லை.

"எனக்குத் தெரியும்." அவள் குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று பட்டது டேரனுக்கு. "நான் துணி காயப்போடறப்ப வேலியோரம் நின்னு அந்தக் கம்பெனியை அரை மணி நேரம் திட்டுவீங்களே. நாலு மணிக்கு மேல நிறைய இழுத்தா வேகத்தைக் குறைச்சுடறான்னு. அது ஒருநாள் ஞாபகம் வந்துச்சு. அந்த டிவியில படம் வரும், யாருக்கும் ஒரு வரி எழுத முடியாது. ஆனா உங்க லைன்ல படம் ஓடும். நான் கத்தினா நீங்க கேக்கமாட்டீங்க. உங்க இன்டர்நெட் மெதுவாச்சுன்னா ஊரையே கூட்டுவீங்க. அதான்."

"அப்படி என்னென்ன படம் பாத்தீங்க?" என்றான் டேரன், எதையாவது சொல்ல வேண்டுமே என்று.

"பாக்கலை," என்றாள் மரியன். "எது ரொம்ப நீளமோ அதைப் போட்டுட்டு, உங்க வாசல்ல யாராவது மணியடிக்கறாங்களான்னு புகைபோக்கியில காதை வெச்சு உக்காந்திருப்பேன்."

வில்ஃப் கெண்டியை மேசையில் வைக்கப் பார்த்தார். கெண்டி சரிந்து டீ மேசை முழுக்கக் கொட்டியது. அவர் அதைத் துடைக்கவில்லை. அவளுக்கு எதிரில் பொத்தென்று உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி வாய்விட்டு அழுதார்.